வெளியீட்டு விழாவுக்கு மறுநாள்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது உலு திராம். ரப்பரும் செம்பனையுமாகக் கிடந்த நிலம் இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டது. சற்றுத் தள்ளிப் பேரங்காடியும் அடுக்குமாடிகளுமாக நிற்கும் மவுண்ட் ஆஸ்டின்கூட ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள் இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு, தன் தாத்தா வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நாவலைப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் எங்கே போவார்? அக்கம்பக்கத்துக் கடைகளில் பஞ்சாங்கம் கிடைக்கும், பூஜைப் பொருள் கிடைக்கும், பள்ளிப் பயிற்சி நூல்கள் கிடைக்கும். மலேசிய எழுத்தாளர் ஒருவரின் நாவலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அரிது. 'பொன்னியின் செல்வன்' பற்றி அவருக்குத் தெரியும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' பற்றி ஆசிரியர் யாராவது சொல்லியிருப்பார். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தத் தோட்டங்களையே எழுதியவர்களின் பெயர்களை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நூல்கள் இல்லாததல்ல குறை. நூல் இருக்கிறது என்றும், அது எப்படிப்பட்ட நூல் என்றும் சொல்ல ஆள் இல்லை. மலேசியத் தமிழ்ப் புனைகதைக்கு இன்று அச்சகத்தைவிட, மேடையைவிட, விருதைவிட அவசரமாகத் தேவைப்படுவது எழுத்தில் வரும் நேர்மையான நூல் மதிப்புரை என்பதே என் வாதம்.

நம் நாட்டில் ஒரு தமிழ் நாவல் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். பெரிய பதிப்பகம் என்று சொல்லத்தக்கது தமிழுக்கு இங்கே இல்லை. தேசிய இலக்கியம் என்ற தகுதி மலாய் மொழிப் படைப்புகளுக்கே உரியது. மற்ற மொழிகளில் எழுதப்படுபவை ஓர் இனத்தாரின் இலக்கியமாகவே கணக்கில் வருகின்றன. ஆகவே அரசின் பதிப்பு முயற்சிகளும் தேசிய இலக்கியவாதி விருதும் தமிழ் எழுத்தாளரை எட்டுவதில்லை. எழுத்தாளர் தன் சேமிப்பை எடுத்துச் சென்னையிலோ உள்ளூரிலோ சில நூறு படிகள் அச்சடிக்கிறார். இல்லையென்றால் ஆர்வமுள்ள நாலு பேர் நடத்தும் ஒரு சிறு பதிப்பகம் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. தேசிய நூலகத்திடம் ஐ.எஸ்.பி.என். எண் வாங்குகிறார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படிகளை அந்த நூலகத்துக்கே கொடுக்கிறார்கள். மிச்சம் எழுத்தாளரின் வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்கிறது. கணினி அச்சு வந்தபின் ஐம்பது படிகூட அடித்துக்கொள்ளலாம் என்ற நிலை. ஆகவே நூல் அச்சாவது இப்போது பெரிய தடை இல்லை. தடை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

அடுத்த படி வெளியீட்டு விழா. தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பிரமுகரின் தலைமையுரை, பிறகு நூல் ஆய்வு. ஆய்வுரைக்கு ஒரு பேராசிரியரோ மூத்த எழுத்தாளரோ அழைக்கப்பட்டிருப்பார். கால் மணி நேரம் கொடுப்பார்கள். அதன்பின் முதல் நூல் பெறுபவர் மேடைக்கு வருவார். அவரைத் தொடர்ந்து வரிசை கட்டி வருபவர்கள் உறையில் பணத்தை வைத்துக் கொடுத்து, நூலை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிலையான அரசு மானியம் இல்லாத ஒரு மொழியின் இலக்கியத்தை இத்தனை ஆண்டுகள் தூக்கி நிறுத்தியது இந்த உறைதான். திருமணத்துக்கு மொய் எழுதுவதுபோல் ஒரு சமூகம் தன் எழுத்தாளனுக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் அந்த மாலையில் மக்கள் வாங்குவது எழுத்தாளர் மேல் உள்ள அன்பினால். நூலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்காக அல்ல. எனவே நூல் வீடு சேர்கிறது, வாசிக்கப்படுவதில்லை. மேடையில் நின்று ஆய்வுரை வழங்குபவரும் பாராட்டத்தான் அழைக்கப்பட்டிருக்கிறார். எழுத்தாளரின் குடும்பம் முன்வரிசையில் இருக்கும்போது, மூன்றாம் அத்தியாயத்துக்குமேல் கதை நகரவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. விழாவுக்கு மறுநாள் செய்தித்தாளில் வருவது யார் யார் வந்தார்கள் என்ற செய்தி. உலு திராமில் இருக்கும் வாசகருக்கு அந்தச் செய்தியிலிருந்து, இந்த நாவலைத் தான் தேடிப் படிக்க வேண்டுமா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லி, வந்த கதைகளைப் படித்துத் தரம் பார்த்துச் சொன்னார்கள். 1952-இல் அதே நாளிதழுக்கு ஆசிரியராகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கே இருந்தார். கோலாலம்பூரில் அவர் கூட்டிய இலக்கிய வட்டத்தில் கதைகள் வாசிக்கப்பட்டன. அவற்றின் நிறைகுறைகள் முகத்துக்கு நேராகப் பேசப்பட்டன. அந்தக் காலத்தில்தான் மா. இராமையாவும் மா. செ. மாயதேவனும் சேர்ந்து 'இரத்த தானம்' என்ற சிறுகதைத் தொகுப்பை 1953-இல் கொண்டுவந்தார்கள். மா. இராமையா நம் ஜொகூரின் தங்காக்கில் வாழ்ந்தவர்; பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே எழுதியவர். அன்று எழுத வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும். அச்சு வசதி இன்றைக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு இல்லை. ஆனால் எழுதியதை ஒருவர் படித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லும் ஏற்பாடு இருந்தது. அந்தத் தலைமுறை நமக்கு எழுத்தாளர்களைக் கொடுத்ததற்கும் அந்த ஏற்பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

தமிழ்நாட்டிலும் சிறு பதிப்பகங்களின் கதை இதேதான். க. நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் ஒவ்வொரு நூலாக எடுத்து அறிமுகப்படுத்தினார். நீண்ட ஆராய்ச்சி எதுவும் இல்லை. இந்த நூல் ஏன் முக்கியம் என்று சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்கள் பலருக்கு வாசிப்பின் வழிகாட்டியாயின. சி. சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி விமர்சனத்துக்கென்றே இடம் ஒதுக்கினார். எழுத்து பிரசுரத்தின் நூல்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தன் செலவிலேயே வெளியிட்டார். 1998-இல் அவர் மறைந்தார்; 2001-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்தது. சொந்தக் காசில் அச்சடித்த நூல் என்பதாலேயே ஒரு நாவல் தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை. அது கண்டுகொள்ளப்பட்டதற்குக் காரணம், நாற்பது ஆண்டுகளாக அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் நூல்களைப் பற்றி எழுதிப் பேசி வாசகர்களைத் தயார்செய்திருந்ததுதான்.

உலகத்தைப் பார்த்தாலும் இதே கணக்குதான் தெரிகிறது. கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் ஆங்கிலத்தில் 2022-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. வெளியிட்டது பிரிட்டனில் உள்ள டில்டட் ஆக்சிஸ் என்ற சிறு பதிப்பகம். 2025-இல் அதே பரிசு பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்குப் போனது. அதை வெளியிட்ட அண்ட் அதர் ஸ்டோரீஸ் சந்தாதாரர்களின் ஆதரவில் நடக்கும் பதிப்பகம். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2023-இல் அப்பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று வேண்டுமானால், பினாங்கில் பிறந்த டான் துவான் எங் இருக்கிறார். அவருடைய முதல் நாவலை 2007-இலும் இரண்டாவதை 2012-இலும் வெளியிட்டது மிர்மிடன் என்ற சின்னஞ்சிறு ஆங்கிலப் பதிப்பகம். முதலாவது புக்கரின் நெடும்பட்டியலுக்கும் இரண்டாவது குறும்பட்டியலுக்கும் போயின. இந்தப் பதிப்பகங்களிடம் விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. அவற்றின் நூல்களை வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், பதிப்பகத்தின் அளவைப் பார்க்காமல் நூலைப் பார்த்து எழுதிய மதிப்புரையாளர்களும் நடுவர்களும் சிறு கடைக்காரர்களும். பெரிய நிறுவனத்துக்கு மதிப்புரை வந்தால் நல்லது. சிறு பதிப்பகத்துக்கு அது உயிர்.

மதிப்புரை இல்லாத இடம் வெறுமையாக இருந்துவிடாது. அங்கே சர்ச்சை வந்து உட்கார்ந்துகொள்ளும். 'வல்லினம்' இதழ் 2007 முதல் மலேசியத் தமிழ்ப் படைப்புகளை விட்டுக்கொடுக்காமல் விமர்சித்து வந்தது. பலருடைய கோபத்தையும் சம்பாதித்தது. அதன் ஆசிரியர் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவல் 2019-இல் வெளிவந்தது. கெடா மாநிலத்தின் லூனாசில் 1981-இல் விஷச் சாராயத்தால் பலர் மாண்ட துயரம் அதன் பின்னணி. நாவலின் சில பக்கங்களில் இருந்த கொச்சைப் பேச்சைத் தனியே எடுத்துப் பரப்பினார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு ஆபாசமும் ஒழுக்கக்கேடும் உள்ளதாகச் சொல்லி 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் நூலைத் தடைசெய்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் இங்கே சுட்ட விரும்புவது வேறு. அந்த நாவல் நல்லதா அல்லதா, அந்தப் பேச்சு அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறதா, பேரழிவை நாவலாசிரியர் எப்படிக் கட்டியெழுப்பினார் என்று நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் பத்து மதிப்புரைகள் வந்திருந்தால், சமூகத்தின் முன் ஒரு முழு நாவல் இருந்திருக்கும். அவை இல்லாததால் பலர் கண்ணில் பட்டது சில பக்கங்களின் படம் மட்டுமே. ஒரு நூலைப் படித்துவிட்டு வெறுக்கும் உரிமை யாருக்கும் உண்டு. படிக்காமலே ஒரு நூலைப் பற்றி ஊரே பேசும் நிலை வரும்போது, படித்தவர்கள் மௌனமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மதிப்புரை என்றால் என்ன செய்ய வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். ஒரே துயரத்தின்மேல் மூன்று நாவல்கள். நூல்பட்டியலில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். புதிய வாசகர் எதில் தொடங்குவது? எது போனவர்களின் பக்கம் நிற்கிறது, எது தோட்டத்தில் காத்திருந்த பெண்களின் பக்கம் நிற்கிறது? எதில் மனிதர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள், எதில் வரலாற்றுத் தகவல் கதையை அமுக்கிவிடுகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு மதிப்புரை பதில் சொல்ல வேண்டும். கதைச் சுருக்கம் நாலு வரி போதும். மொழி எப்படி இருக்கிறது என்பதை ஒரு சிறு பகுதியைக் காட்டிச் சொல்ல வேண்டும். கடைசியில், யாருக்கு இந்த நூல் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று தயங்காமல் சொல்ல வேண்டும். எங்கே கிடைக்கும், என்ன விலை என்ற இரண்டு வரியையும் சேர்த்துவிட்டால் வாசகருக்கு வேலை பாதி முடிந்தது.

'இலக்கியம் படித்தவர்கள் அல்லவா விமர்சிக்க வேண்டும், நமக்கு என்ன தெரியும்?' என்று பலர் ஒதுங்குவதுண்டு. இந்தப் பணிவுதான் பெரிய நஷ்டம். விடியற்காலைப் பெரட்டு எப்படி நடக்கும், கங்காணியின் குரல் எப்படி இருக்கும், ஆயாக்கொட்டாயில் குழந்தையை விட்டுவிட்டுப் பால்மரத்துக்குப் போகும் தாயின் அவசரம் எப்படிப்பட்டது, மழை பெய்த நாளில் மங்கில் சேர்ந்த பால் என்னவாகும் என்பதெல்லாம் சென்னையில் உட்கார்ந்து எழுதும் எந்தப் பெரிய விமர்சகருக்கும் தெரியாது. உலு திராமில், கூலாயில், லாயாங் லாயாங்கில், ரெங்கத்தில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரியும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவல் தோட்டத்து வாழ்க்கையை உண்மையாகப் பிடித்திருக்கிறதா என்று உரசிப் பார்க்கத்தக்க உரைகல் அவரிடம் இருக்கிறது. சீ. முத்துசாமிக்கு 2017-இல் விஷ்ணுபுரம் விருது தமிழ்நாட்டிலிருந்து வந்தது. பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்த ஒருவரை வெளியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் இங்கே பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் இன்னும் பேசவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நம்முடையது சின்ன உலகம். இன்று நாவலைக் குறை சொன்னால் நாளைக் கல்யாண வீட்டில் எழுத்தாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மைதான். ஆனால் 1950-களின் இலக்கிய வட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சிறியது. அங்கே எழுதியவரும் விமர்சித்தவரும் ஒரே அறையில் இருந்தார்கள். விமர்சனம் நூலோடு நின்று ஆளைத் தொடாமல் இருக்கும்வரை உறவு முறிய வேண்டியதில்லை. ரெ. கார்த்திகேசு நாவலாசிரியராக இருந்துகொண்டே சக எழுத்தாளர்களின் நூல்களைப் பற்றிப் பல்லாண்டு எழுதினார். 'விமர்சன முகம்' என்று அவற்றைத் தொகுத்தும் வெளியிட்டார். அவருடைய தீர்ப்புகளில் மென்மை கூடுதல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றுகிறது. ஆனால் படித்தார், எழுதினார், பதிவு இருக்கிறது. மென்மையான மதிப்புரைகூட மௌனத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்றும் சொல்வார்கள்: மலேசியத் தமிழ் இலக்கியம் இளஞ்செடி, கடுமையாகப் பேசினால் வாடிவிடும், ஊக்கப்படுத்துவதே கடமை என்று. முதல் நாவலாகப் பலர் குறிப்பிடும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917-இல் வந்தது. நூறாண்டைத் தாண்டிய ஒன்றை இன்னும் குழந்தையாக நடத்துவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. எல்லா நூலையும் ஒரே சொற்களால் பாராட்டும்போது, நல்ல நூலை எழுதியவருக்குத்தான் அநியாயம் நடக்கிறது. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்', பகாங்கின் நிலத்திட்டம் ஒன்றில் கொத்தடிமைகளாகச் சிக்கிய நம்மவர்களைப் பற்றியது. அப்படி ஒரு பொருளைத் துணிந்து எடுத்த நாவலுக்கும், அவசரமாகத் தொகுத்து அச்சிட்ட ஒரு கதைக்கொத்துக்கும் 'அருமையான படைப்பு' என்ற ஒரே முத்திரை விழுந்தால், வாசகர் அந்த முத்திரையையே நம்ப மாட்டார். ஊக்கம் என்பது முழுதாகப் படிப்பதில் இருக்கிறது. இருநூறு பக்கம் எழுதியவருக்கு, அதை ஒருவர் கடைசிப் பக்கம் வரை படித்து இரண்டு குறையும் மூன்று நிறையும் சொன்னார் என்பதைவிட வேறு என்ன பரிசு வேண்டும்?

மதிப்புரை எழுதினால் நூல் விற்றுவிடுமா என்ற கேள்விக்கு மட்டும் முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஒரு மதிப்புரையால் பத்துப் படி விற்கலாம், விற்காமலும் போகலாம். ஆனால் விற்பனை மட்டும் பயன் அல்ல. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. நாளிதழே நின்றாலும் எழுதப்பட்டது பதிவாக நிற்கும். இனி வரும் ஆய்வு மாணவரோ மொழிபெயர்ப்பாளரோ வேற்றுநாட்டுப் பதிப்பாளரோ ஒரு மலேசிய நாவலைத் தேடினால், அவருக்கு முதலில் அகப்படப்போவது யாரோ ஒரு வாசகர் எழுதிய அந்த இரண்டு பக்கம்தான். கன்னடச் சிறுகதைகள் உலகப் பரிசுக்குப் போவதற்கு முன், அவற்றைக் கன்னடத்தில் படித்து நல்லவை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தன் மொழியில் யாரும் பேசாத நூலை அயலார் தேடிவந்து எடுத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே ஜொகூர் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெளியீட்டு விழாவுக்குப் போனால் உறையைக் கொடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நூலைப் படியுங்கள். பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்றும், பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் அலுத்தது என்றும் முந்நூறு சொல்லில் எழுதி 'மக்கள் ஓசை'க்கோ 'மலேசிய நண்பன்' ஞாயிறு பதிப்புக்கோ உங்கள் பெயரும் ஊரும் போட்டு அனுப்புங்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட மற்ற நூல்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஒன்றைப் பதிப்பகத்தாரிடமே கேட்டு வாங்குங்கள். ஞாயிறு பதிப்பு ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: விழாப் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியை, வாரம் ஒரு நூலுக்கு ஒதுக்குங்கள். எழுதி அனுப்ப ஆள் இருக்கிறார்கள்.